மூன்று மாத அவகாசத்தைப் பறித்தவர்கள்

2007 அக்டோபர் 5 அன்று தில்லி உயர்நீதிமன்றம் விசித்திரமான ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. கணவர் மீது மனைவி சுமத்திய குற்றச்சாட்டு பாலியல் வன்புணர்வு. 2004இல் இஸ்லாமிய முறைப்படி மணமுடித்த தம்பதியர் அவர்கள். மறு ஆண்டே பிணக்கு முற்றி, அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். பின்னர் கணவர், மனைவி தன்னுடன் சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டுமெனக் கோரி நீதிமன்றத்தை நாடினார். 2006 ஏப்ரலில் அந்தப் பெண் அவருடன் திரும்பிச் சென்றார். சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. 2005 அக்டோபரிலேயே, அவருடைய சகோதரர்களின் முன்னிலையில், கணவர் மூன்று முறை ‘தலாக்’ சொல்லி உறவை முறித்திருந்தார் என்பதே அது. சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு மட்டும் அது தெரியாது.

மணவிலக்கு ஆனது தெரிந்திருந்தால் அவருடன் வாழச் சம்மதித்திருக்கவே மாட்டேன், ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல என்பது அவருடைய வாதம். வழக்கை விசாரித்த நீதிபதி பதர் துரேஸ் அகமது, குடியரசுத் தலைவராக இருந்த ஃபக்ருதீன் அலி அகமதுவின் மகன். இஸ்லாமியச் சட்டத்தின் மூல நூல்களுக்கே சென்று அவர் ஆராய்ந்தார். மனைவிக்குத் தெரிவிக்கப்படாத தலாக் செயலுக்கு வராது என்றார். ஒரே மூச்சில் மூன்று முறை சொன்னாலும், சன்னி முஸ்லிம்களுக்கும்கூட, அது திரும்பப் பெறத்தக்க ஒரே ஒரு தலாக்காகவே கருதப்பட வேண்டும் என்றார். அப்போதுதான் கணவன் நிதானமாக யோசிக்கவும், இரு குடும்பத்தாரும் சமரசத்துக்கு முயலவும் அவகாசம் இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். கணவர் மீதான குற்ற வழக்கு ரத்து செய்யப்பட்டது.

முத்தலாக் செல்லாது என உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அறிவித்தது 2017 ஆகஸ்ட் 22 அன்று. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, எவரையும் சிறையில் அடைக்காமல், எந்த மதத்தையும் இழிவு செய்யாமல், முத்தலாக்கின் நச்சுப் பல்லைப் பிடுங்கும் வழியைத் தில்லியின் ஒற்றை நீதிபதி ஒருவர் காட்டியிருந்தார். அந்த வழியைப் பின்பற்ற மதத் தலைமைக்கும் மனமில்லை. பின்னர் ஆட்சிக்கு வந்தவர்களுக்கும் மனமில்லை. இந்தக் கதையின் பெரும்பகுதி அதுதான்.

பாஜகவின் மேடைப் பேச்சைக் கேட்பவர்களுக்கு, இஸ்லாத்தில் மணவிலக்கு என்பது மூன்று சொற்களில் முடிந்துவிடும் விவகாரம் என்றே தோன்றும். உண்மையில் சட்டத்தின் கட்டமைப்பு இதற்கு நேர்மாறானது. இஸ்லாமியச் சட்டத்தில் திருமணம் ஓர் ஒப்பந்தம். பிறவிதோறும் தொடரும் பந்தம் என்ற கற்பனை அங்கே இல்லாததால், முறிவதற்கான விதிகளும் தொடக்கத்திலேயே எழுதப்பட்டன. இந்து சமூகத்தில் பெரும்பாலான பெண்களுக்கு மணவிலக்கு உரிமை சட்டமாகக் கிடைத்தது 1955இல்தான். அதையும் எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் இன்றைய ஆட்சியாளர்களின் அரசியல் முன்னோர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

கணவன் மனைவிக்கிடையே பிளவு வரும் என்று அஞ்சினால் இரு தரப்புக் குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்திப் பேச வேண்டும் என்கிறது குர்ஆன். பேச்சு தோற்றால் ஒருமுறை மட்டும் தலாக் சொல்லலாம். அதுவும் மனைவி மாதவிலக்கில் இல்லாத காலத்தில். அன்றிலிருந்து மூன்று மாதவிலக்குச் சுற்றுகள் ‘இத்தா’ எனப்படும் காத்திருப்புக் காலம். மாதவிலக்கு நின்றவருக்கு மூன்று மாதம். கருவுற்றிருப்பவருக்குப் பிரசவம் வரை. இந்தக் காலம் முழுவதும் திருமணம் உயிரோடுதான் இருக்கும். கணவன் தன் சொல்லைத் திரும்பப் பெறலாம். ‘ருஜூ’ என்பது அதன் பெயர். புதிய மணச் சடங்கோ புதிய மஹரோ தேவையில்லை. இத்தா முடிந்த பின்னும்கூட இருவரும் விரும்பினால் புதிதாக மணந்துகொள்ளலாம். ‘அஹ்சன்’ எனப்படும் சிறந்த முறை இது. மாதத்துக்கொன்றாக மூன்று முறை சொல்வது ‘ஹசன்’. அதிலும் இரண்டாவது தலாக் வரை திரும்பும் வழி திறந்தே இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு, அது பேசப்படுவதேயில்லை. இத்தா முடியும் வரை மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, அவருடைய செலவுகளைக் கணவனே ஏற்க வேண்டும் என்பதும் குர்ஆனின் கட்டளையே. ஆக அந்த மூன்று மாதம் என்பது கோபம் தணிவதற்கான காலம் மட்டுமன்று. தலைக்கு மேல் கூரையும் அடுப்பில் உலையும் உறுதி செய்யப்பட்ட காலம். அடுத்து எங்கே போவது என்று ஒரு பெண் திட்டமிடுவதற்கான காலம்.

‘தலாக்-ஏ-பித்அத்’ என்னும் உடனடி முத்தலாக் பறித்தது இந்தக் காலத்தைத்தான். ‘பித்அத்’ என்ற சொல்லுக்கே, மார்க்கத்தில் பின்னர் நுழைக்கப்பட்ட புதுமை என்று பொருள். பாவம் எனினும் செல்லும் என்று ஹனஃபி அறிஞர்கள் சொல்லிவந்தார்கள். ஷியாக்கள் இதை ஏற்பதில்லை. அஹ்லே ஹதீஸ் பிரிவினர் மூன்றையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். ஆனால் இந்தியாவின் பெரும்பான்மை சன்னி சமூகத்தில், இரவில் குடிவெறியிலோ கோபத்திலோ உதிர்த்த சொல் காலையில் திரும்பப் பெற முடியாத தீர்ப்பாகிவிட்டது. மறுநாள் கணவன் அழுதாலும் பயனில்லை. மூன்றாவது தலாக் விழுந்துவிட்டதால், அந்தப் பெண் வேறொருவரை மணந்து, அந்த மணமும் முறிந்த பிறகுதான் முதல் கணவனுடன் சேர முடியும். இந்த நிபந்தனை, தலாக்கை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் ஆணைத் தடுப்பதற்காக ஏற்பட்டது. அதுவே ‘ஹலாலா’ என்ற பெயரில், ஆண் செய்த பிழைக்குப் பெண்ணின் உடலைத் தண்டிக்கும் கேவலமாக மாறியது. சமரசத்துக்காக எழுதப்பட்ட சட்டம், சமரசம் விரும்பும் தம்பதியரையே பிரித்துவைக்கும் விபரீதம் இப்படித்தான் நேர்ந்தது.

பிற முஸ்லிம் நாடுகள் இதை எப்போதோ சரிசெய்துவிட்டன. எகிப்து 1929ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரே நேரத்தில் சொல்லும் மூன்றை ஒன்றாகக் கணக்கிட்டது. துனிசியா 1956இல், நீதிமன்றத்துக்கு வெளியே மணவிலக்கே கிடையாது என்றது. பாகிஸ்தானின் 1961ஆம் ஆண்டுக் குடும்பச் சட்ட ஆணையின்படி, தலாக் சொன்னவர் உள்ளாட்சித் தலைவருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அவர் நடுவர் குழு அமைத்துச் சமரசம் பேச வேண்டும். 90 நாள் கழியாமல் தலாக் செல்லாது. பின்னர் தனிநாடான வங்கதேசத்திலும் அதே சட்டம்தான். பக்கத்து இலங்கையில், தமிழ் பேசும் முஸ்லிம்களுக்குப் பொருந்தும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில், தலாக் சொல்ல விரும்பும் கணவன் முதலில் காதி நீதிபதியிடம் தெரிவிக்க வேண்டும், அவர் சமரசத்துக்கு முயல வேண்டும் என்ற ஏற்பாடு உள்ளது. அந்தக் காதிப் பதவியில் ஒரு பெண் அமர முடியாது என்பது அங்குள்ள முஸ்லிம் பெண்கள் நீண்ட காலமாக எதிர்த்துப் போராடும் தனி அநீதி.

இந்தியாவில் ஏன் நடக்கவில்லை? தில்லி ஓக்லா கிராமத்தில்தான் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியத்தின் அலுவலகம் இருக்கிறது. பாவம் என்று தானே ஒப்புக்கொண்ட ஒரு வழக்கத்தைக் காப்பாற்ற, 2016இல் உச்சநீதிமன்றத்தில் அது தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் எந்த ஜனநாயகவாதியையும் தலைகுனிய வைக்கும். விரைவில் விலக முடியாவிட்டால் கணவன் மனைவியைக் கொல்லவும் உயிரோடு எரிக்கவும் துணியக்கூடும் என்பது அதிலிருந்த வாதங்களுள் ஒன்று. வழக்கு கைநழுவுவது தெரிந்த பிறகு, மணம் செய்துவைக்கும் காஜிகள் முத்தலாக்கைத் தவிர்க்கும்படி மணமகனுக்கு அறிவுரை சொல்லுமாறு கேட்டுக்கொள்வதாக வாரியம் நீதிமன்றத்தில் கூறியது. இதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தால், 2014க்குப் பின் வந்த ஆட்சிக்கு இத்தனை எளிதாக ஓர் ஆயுதம் கிடைத்திருக்காது.

நீதிமன்றங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வழிகாட்டின. 1957இல் கேரளத்தில் இஎம்எஸ் தலைமையிலான முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர், பின்னர் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, முஸ்லிம் ஆணுக்கு நினைத்தவுடன் மனைவியை விலக்கக் கட்டற்ற அதிகாரம் உண்டு என்பது வெறும் மாயை, குர்ஆன் அப்படிச் சொல்லவில்லை என்று தீர்ப்பெழுதினார். 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தக் கருத்தைச் சட்டமாக்கியது. அந்த வழக்கில், ஜீவனாம்சம் கேட்ட மனைவிக்கு 1990இல் அளித்த பதில் மனுவில், உன்னை 1987லேயே விலக்கிவிட்டேன் என்று கணவர் கூறியிருந்தார்! தலாக்குக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும், அதற்கு முன் இரு தரப்பு நடுவர்களைக் கொண்டு சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும், இரண்டையும் நிரூபிக்காத தலாக் செல்லாது என்றது உச்சநீதிமன்றம். 2017இல் ஐந்து நீதிபதிகளுள் முத்தலாக்குக்கு எதிராக நின்ற மூவரில் ஒருவரான குரியன் ஜோசப், புதிதாக எதையும் சொல்லவில்லை, ஷமீம் ஆரா தீர்ப்பே சட்டம் என்று உறுதிசெய்தார்.

சிறைக் கதவு

2017 தீர்ப்போடு சட்டப் பிரச்சனை முடிந்திருக்க வேண்டும். முத்தலாக் செல்லாது என்றால், அதைச் சொன்ன பிறகும் திருமணம் நீடிக்கிறது, மனைவி மனைவியே, அவருக்கான எல்லா உரிமைகளும் அப்படியே உள்ளன. ஆனால் 2016 அக்டோபரில், உத்தரப் பிரதேசத் தேர்தலை ஒட்டி மஹோபா கூட்டத்திலேயே இதைத் தேர்தல் முழக்கமாக்கிவிட்ட நரேந்திர மோடிக்கு அது போதவில்லை. அவசரச் சட்டங்களுக்கு மேல் அவசரச் சட்டம் போட்டு, இறுதியில் 2019 ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் 99க்கு 84 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேற்றப்பட்டது. இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தனர். தமிழகத்தின் அன்றைய ஆளுங்கட்சியோ மக்களவையில் ஆதரித்துப் பேசியது. மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசிவிட்டு, வாக்கெடுப்பு நேரத்தில் வெளிநடப்பு செய்தது. அரசுக்குப் பெரும்பான்மை இல்லாத அவையில், அப்படி வெளியேறிய கட்சிகளின் கருணையில்தான் இந்தச் சட்டம் பிறந்தது.

சட்டத்தின் 3ஆவது பிரிவு, முத்தலாக் செல்லாது என்கிறது. 4ஆவது பிரிவு, அதைச் சொன்னவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. 5ஆவது பிரிவு, அவர் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பிழைப்புக்கான தொகை தர வேண்டும் என்கிறது. எந்த விளைவும் இல்லாத சொல்லுக்கு மூன்றாண்டு சிறை என்பது ஒரு முரண். அதைவிடக் கொடிய முரண் அடுத்தது. தில்லியின் சீலம்பூரிலோ முஸ்தபாபாத்திலோ ஆயத்த ஆடைப் பட்டறையில் தைக்கும் தொழிலாளி, அல்லது பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுபவர், சிறையில் இருந்துகொண்டு எதை எடுத்து மனைவிக்குக் கொடுப்பார்? சிறைக்குச் சென்று திரும்பிய கணவனோடு சமரசம் என்பது பெரும்பாலும் கனவே. ஆனால் சட்டத்தின் பார்வையில் திருமணம் முறியவில்லை. அந்தப் பெண் மறுமணம் செய்ய வேண்டுமானால், ‘குலா’ கேட்டோ, 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டோ, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாழவும் வழியில்லை, விலகவும் வழியில்லை.

2019 ஆகஸ்டில், சட்டம் வந்த சில நாள்களிலேயே, வடக்கு தில்லி ஆசாத் மார்க்கெட் பகுதி இளைஞர் ஒருவர் கைதானார். தலைநகரில் இச்சட்டத்தின் முதல் கைது என்று தொலைக்காட்சிகள் கொண்டாடின. அந்தப் பெண்ணின் வாடகையை அடுத்த மாதம் யார் கட்டுவார்கள் என்ற கேள்வி எந்தத் திரையிலும் ஓடவில்லை. சட்டத்தில் ‘வீடு’ என்ற சொல்லே கிடையாது. ஏழாம் நூற்றாண்டின் நூல் மூன்று மாதத்துக்காவது உறுதி செய்த கூரையை, இருபத்தியோராம் நூற்றாண்டின் ‘முஸ்லிம் பெண்கள் பாதுகாப்புச் சட்டம்’ மறந்துவிட்டது.

புகார் வந்தவுடன் கைது செய்யத்தக்க குற்றம் இது. மனைவி மட்டுமன்றி அவருடைய உறவினரும் புகார் கொடுக்கலாம். இதை வேறொன்றுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மனைவியை அடித்துத் துன்புறுத்தும், வரதட்சணை கேட்டு வதைக்கும் கணவன் மீதான 498ஏ வழக்குகளில், 2025 ஜூலை 22 அன்று உச்சநீதிமன்றம், அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் நெறிமுறைகளை உறுதி செய்தது. அதன்படி புகார் வந்து இரண்டு மாதம் ‘அமைதிக் காலம்’. அதுவரை கைது இல்லை. குடும்ப நலக் குழு சமரசம் பேசும். எலும்பு முறிய அடித்தவனுக்கு இரண்டு மாத அவகாசம், செல்லாத சொல்லைச் சொன்னவனுக்கு அன்றே விலங்கு! அடிபடும் பெண்ணுக்குப் பாதுகாப்பு உடனே வேண்டும். அங்கே அவகாசம் தருகிறார்கள். பிணக்குற்ற தம்பதியருக்கு அவகாசம் வேண்டும். அங்கே சிறை தருகிறார்கள். இது பெண்ணுரிமையின் தர்க்கம் அல்ல. குற்றவாளியின் பெயரைப் பார்த்துப் பிறகு குற்றத்தின் எடையைத் தீர்மானிக்கும் தர்க்கம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மணவிலக்கு பெறாமலே கணவனைப் பிரிந்து வாழும் பெண்கள் நாடு முழுவதும் சுமார் 23 லட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 20 லட்சம் பேர் இந்துக்கள். மனைவியை விட்டுவிட்டுச் சொல்லாமல் போகும் இந்துக் கணவனுக்குச் சிறை கிடையாது. கிறிஸ்தவக் கணவனுக்கும் கிடையாது. அப்படி ஒரு சிறைச் சட்டம் வேண்டும் என்பதல்ல வாதம். கைவிடப்படுதல் என்ற பொதுவான பெண் துயரம், ஒரு மதத்தில் மட்டும் குற்றவியல் வழக்காகிறது என்பதே பிரச்சனை. இனி முஸ்லிம் கணவனும் புத்திசாலித்தனமாக, தலாக் என்ற சொல்லையே உச்சரிக்காமல் வெளியேறிவிடலாம். அப்போது இந்தச் சட்டம் அவனைத் தொடாது.

யாருடைய சமரசம்?

அப்படியானால் சமரசமே தீர்வா? இங்கேதான் தில்லி வழக்கின் அந்தப் பெண்ணிடம் மீண்டும் திரும்ப வேண்டியிருக்கிறது. சட்டப்படி அவருடைய வழக்கு தோற்றது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. அவருக்குத் தெரியாமல் உறவு முறிக்கப்பட்டது. அவருக்குத் தெரியாமலே அது ஒட்டவைக்கப்பட்டது. மரபான இஸ்லாமியச் சட்டத்தில் ருஜூவுக்கு மனைவியின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. கணவன் வாயால் சொன்னாலோ, கணவனாக நடந்துகொண்டாலோ போதும். நல்லிணக்கத்தை நாடினால் மட்டுமே திரும்ப அழைக்கும் உரிமை, துன்புறுத்துவதற்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்று குர்ஆன் விதித்த நிபந்தனையைச் சட்ட நடைமுறை கரைத்துவிட்டது. விலக்குவதும் ஆணின் விருப்பம், திரும்பச் சேர்ப்பதும் ஆணின் விருப்பம் என்றால், நடுவில் இருக்கும் மூன்று மாதம் பெண்ணுக்கு வெறும் காத்திருப்பு அறைதான்.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமே உரிய நோய் என்று எவரும் மகிழ வேண்டாம். அந்தக் கணவர் சேர்ந்து வாழ உத்தரவு கேட்டாரே, அந்த ‘தாம்பத்திய உரிமை மீட்பு’ வழக்கு குர்ஆனிலும் இல்லை, மனுவிலும் இல்லை. பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் இங்கிலாந்தின் தேவாலயச் சட்டத்திலிருந்து கொண்டுவந்தது. இன்று இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவில் பத்திரமாக இருக்கிறது. 1983இல் ஆந்திர உயர்நீதிமன்ற நீதிபதி பி.ஏ.சௌத்ரி, ஒரு பெண்ணின் உடல் மீதான முடிவை அரசின் கையில் கொடுக்கிறது என்று சொல்லி அந்தப் பிரிவை ரத்து செய்தார். சில மாதங்களில் தில்லி உயர்நீதிமன்றம் அதற்கு நேர் எதிராக, அரசியல் சாசனத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற தொனியில் தீர்ப்பளித்தது. 1984இல் உச்சநீதிமன்றம் தில்லியின் பக்கம் சாய்ந்தது. வீட்டுக்குள் அரசியல் சாசனம் வரக்கூடாதென்றால், முத்தலாக் சொன்னவனின் வீட்டுக்குள் மட்டும் காவல்துறை எப்படி வந்தது என்பதை யாராவது விளக்க வேண்டும்.

பெண்ணின் கையில் பேரம் பேசும் வலு இருக்கும்போதுதான் சமரசம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. அந்த வலு மூன்றிடங்களிலிருந்து வருகிறது: பணம், வீடு, விலகிச் செல்லும் உரிமை. மூன்றிலும் முஸ்லிம் பெண்கள் தாங்களே போராடி வழி திறந்திருக்கிறார்கள். இந்தூரின் ஷா பானுவுக்கு மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் நிர்ணயித்த ஜீவனாம்சம் மாதம் 179 ரூபாய் 20 காசு. அதை 1985 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உறுதி செய்ததற்கே நாடு கொந்தளித்தது. அடிப்படைவாதிகளுக்குப் பணிந்து ராஜீவ் அரசு 1986இல் கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஷா பானுவின் வழக்கறிஞர் டேனியல் லத்தீஃபி, இளமையில் கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு சேர்ந்து நின்றவர். 2001இல் வந்த தீர்ப்பு, இத்தா காலத்துக்குள்ளேயே எதிர்காலம் முழுமைக்கும் போதுமான ஏற்பாட்டைக் கணவன் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்துக்குப் பொருள் கொடுத்தது. 2024 ஜூலை 10 அன்று நீதிபதிகள் நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி அமர்வு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவின் கீழும் முஸ்லிம் பெண் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறியது. வீட்டைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் பொதுவானது. கணவன் பெயரில் இல்லாமல் மாமனார் பெயரில் இருந்தாலும், கூடி வாழ்ந்த வீட்டில் மருமகளுக்குத் தங்கும் உரிமை உண்டு என்று 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கூறியதும் தில்லி நியூ ஃப்ரெண்ட்ஸ் காலனி வீடு ஒன்றைப் பற்றித்தான். ஓக்லாவிலிருந்து கூப்பிடு தூரம்.

விலகிச் செல்லும் உரிமையில்தான் சிக்கல் இன்னும் தீரவில்லை. மஹரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகும் ‘குலா’ முறையை நபியே ஒரு பெண்ணுக்கு அனுமதித்ததாக மரபு சொல்கிறது. நடைமுறையிலோ கணவன் சம்மதித்தால்தான் குலா என்று ஜமாஅத்துகள் இழுத்தடிக்கின்றன. கேரள உயர்நீதிமன்றம் 2021 ஏப்ரலில், நீதிமன்றத்துக்கு வெளியே குலா பெற முஸ்லிம் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று கூறி, அரை நூற்றாண்டுக் காலத் தடையை நீக்கியது. தமிழகத்தில் நிலைமை வேறு. காஜிகள் கொடுக்கும் தலாக் சான்றிதழ்கள் வெறும் கருத்துகளே, சட்டப்படி செல்லாதவை என்று பதர் சயீத் தொடுத்த வழக்கில் 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2023இல் அதே நீதிமன்றம், ஷரீஅத் கவுன்சில் தரும் குலா சான்றிதழும் செல்லாது, பெண் குடும்பநல நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்றது. 2024 அக்டோபரில் மதுரை அமர்வு, தலாக்கை மனைவி மறுத்தால் கணவன்தான் நீதிமன்றத்தில் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. தனியார் அமைப்பு நீதிமன்றம் ஆக முடியாது என்பது சரியே. ஆனால் மனைவி மறுக்காதவரை ஆணுக்கு வாய்ச்சொல் போதும், பெண்ணுக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் வாய்தா என்ற சமமின்மை அப்படியே நிற்கிறது.

ஜமாஅத்தில் குடும்பத் தகராறு பேசப்படும்போது, சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு அந்த அறைக்குள் இடமில்லை. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானமும் அவருடைய தோழியரும் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை அமைத்தது அதனால்தான். முத்தலாக்கை எதிர்ப்பதற்கு அவர்கள் மோடியின் வருகைக்காகக் காத்திருக்கவில்லை. சமரசம் பேசுகிறவர்களுள் பெண்களும் இருந்தால் பேச்சின் பொருளே மாறிவிடுகிறது: ‘பொறுத்துப் போ’ என்பதற்குப் பதிலாக, ‘மஹர் எங்கே, நகை எங்கே, குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன ஏற்பாடு’ என்று கேள்விகள் வருகின்றன.

‘முஸ்லிம் சகோதரிகளின்’ காவலர் என்று தம்மை அழைத்துக்கொண்டவர்களின் அக்கறை எத்தகையது என்பதற்குத் தில்லியே சாட்சி. சட்டம் நிறைவேறி ஐந்து மாதம் ஆவதற்குள், 2019 டிசம்பர் 15 அன்று, அந்தச் சகோதரிகள் ஷாஹீன் பாக்கில் சாலையில் அமர்ந்தார்கள். குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராக, குளிரிலும் மழையிலும், மடியில் குழந்தைகளோடு, நூறு நாள் அமர்ந்திருந்தார்கள். ஒன்றிய அமைச்சர் ஒருவர்கூட வந்து அவர்களுடன் பேசவில்லை. 2020 பிப்ரவரியில் வடகிழக்கு தில்லியில் 53 பேர் கொல்லப்பட்டபோது விதவையானவர்களுக்கு எந்த அவசரச் சட்டமும் வரவில்லை. 2022 சுதந்திர தினத்தன்று, பில்கிஸ் பானுவைச் சிதைத்த 11 பேரைக் குஜராத் பாஜக அரசு விடுதலை செய்தது; மாலையும் இனிப்பும் கொடுத்து அவர்கள் வரவேற்கப்பட்டார்கள். 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்கள் மீண்டும் சிறைக்குப் போனார்கள்.

முத்தலாக் சொல்பவரைச் சிறையில் தள்ளும் 4ஆவது பிரிவு நீக்கப்பட வேண்டும். எந்த முறையில் சொல்லப்பட்டாலும், மனைவிக்கு எழுத்துமூலம் தெரிவிக்காத, சமரச முயற்சி நடக்காத தலாக் செல்லாது என்ற ஷமீம் ஆரா விதி சட்டமாக எழுதப்பட வேண்டும். ருஜூவுக்கு மனைவியின் சம்மதம் கட்டாயமாக்கப்பட வேண்டும். குலாவுக்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை என்பது தெளிவாக்கப்பட வேண்டும். மண வாழ்வில் சேர்த்த சொத்தில் சம பங்கு என்பது எல்லா மதப் பெண்களுக்குமாகச் சட்டமாக வேண்டும். இவற்றில் எதற்கும் பொது சிவில் சட்டம் தேவையில்லை. அது இந்தக் கட்டத்தில் அவசியமும் இல்லை, விரும்பத்தக்கதும் இல்லை என்று மோடி அரசு அமைத்த 21ஆவது சட்ட ஆணையமே 2018இல் எழுதிவைத்திருக்கிறது.

2025 ஜனவரியில், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துக் கேரளத்தின் சமஸ்தா அமைப்பும் பிறரும் தொடுத்த மனுக்களை விசாரித்தபோது, நாடு முழுவதும் இச்சட்டத்தின் கீழ் எத்தனை வழக்குகள் பதிவாகியுள்ளன என்ற விவரத்தைத் தாக்கல் செய்யும்படி ஒன்றிய அரசுக்கு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் வந்து ஐந்தரை ஆண்டு கழித்து, நீதிமன்றம் கேட்டு வாங்க வேண்டிய கணக்காக அது இருந்தது. அதனுடன் இன்னொரு கணக்கையும் அரசு நாடாளுமன்றத்தில் வைக்கட்டும்: 5ஆவது பிரிவின் கீழ் இதுவரை எத்தனை பெண்களின் கையில், எத்தனை ரூபாய் போய்ச் சேர்ந்தது?